அமைதி கேட்கிறவள்

க்தினியாத் துறைமுகத்தில்
கப்பல் ஒன்று ஊதினால்
என் வேலை அரை நிமிஷம் நின்றுபோகும்.
மூன்றாம் மாடி, பிரசவப் பிரிவு.
சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடிதான்,
ஆனாலும் அந்த ஊதல் தரைவழியாக ஏறி வரும்.
கருவியில் பட்டை சிவக்கும்: இரைச்சல்.

எதையெல்லாம் இரைச்சல் என்று சொல்லும் தெரியுமா அது.
சூப் வண்டியின் இடது சக்கரம்.
வெந்நீர்க் குழாயின் வயிற்று உறுமல்.
பிள்ளை தூக்கத்தில் விழுங்கும் எச்சில்.
மூச்சடக்கி நிற்கிற அப்பன்
முடியாமல் விட்டுவிடும் அந்த ஒரு மூச்சு.

அதனால் அறை அறையாகப் போய்
அமைதி கேட்கிறேன்.
கதவைச் சாத்துங்கள், கைப்பேசியை அணையுங்கள்,
பேசவேண்டியதை இப்போதே பேசிவிடுங்கள்.
பதினோரு வருஷமாய் இதே வாக்கியங்கள்.
வீட்டில் என் மகன் கேலி செய்வான்:
அம்மா வந்தாச்சு, ஃபிரிட்ஜை நிறுத்து.

பிறந்து முப்பது மணி நேரமான காது
உறையில் திணித்த கடிதம்போல மடிந்திருக்கும்.
மடலைக் கீழும் பின்னும் இழுத்து
மிளகளவு ரப்பர் முனையைப் பொருத்தி
சொடுக்குகளை உள்ளே அனுப்புவேன்.
நலமான காது கேட்பதோடு நிற்காது.
திருப்பி ஓர் ஒலி போடும்,
கருவிக்கு மட்டுமே எட்டுகிற மெல்லிசாய்.
பிள்ளை முதன்முதலில் பதில் சொல்வது
பெற்றவளுக்கு அல்ல, எனக்கு.
இதை எந்தத் தாயிடமும் சொன்னதில்லை.
பொறாமைப்படுவார்கள்.

பதில் வந்தால்
நலப் புத்தகத்தில் நீல ஒட்டி.
வராவிட்டால் மஞ்சள்.
மஞ்சளுக்கு முன்னால் சொல்ல
மனப்பாடம் ஒன்று உண்டு:
இன்றைக்குத் தெளிவான பதில் இல்லை,
காதில் இன்னும் நீர் இருக்கலாம்,
நாளைக்கு ஒருமுறை பார்ப்போம்.
நாளை என்கிற சொல்
எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.
மூன்று.

ஏழாம் அறையில் தீமோனுக்கு அது மூன்றாம் நாள்.
வலது காது, பதில் இல்லை. இடது, இல்லை.
முனையைத் துடைத்தேன். மாற்றினேன். திரும்பவும்.
கப்பல் ஊதவில்லை. சூப் வண்டி வரவில்லை.
இவ்வளவு நல்ல அமைதி
இந்த வேலையில் எனக்கு வாய்த்ததே இல்லை.

இரவுப் பணி முடித்து
கிரேனிலிருந்து நேராக வந்திருந்தார் இரேனெயுஷ்.
நகக்கண்ணில் கிரீஸ்.
என் பிள்ளைக்குக் கேட்கும், பாருங்கள் என்று
தொட்டிலின் இரும்பு விளிம்பில் ஓங்கித் தட்டினார்.
பிள்ளை இரு கையும் விரித்துத் துணுக்குற்று,
சிணுங்கி, மறுபடி தூங்கிப்போனது.
பார்த்தீர்களா?
பார்த்தேன்.
இரும்பு அதிர்ந்ததையும் பார்த்தேன்,
மெத்தைவழியாக அது முதுகில் ஏறியதையும்.
கப்பல் தரைவழியாக ஏறுமே, அப்படி.
நான் வாயைத் திறக்கவில்லை.
மருத்துவர்தான் சொல்லவேண்டும் என்பது விதி.
விதி அன்று எனக்கு வசதியாகவும் இருந்தது.

யாக்னா தொட்டிலைப் பார்க்கவில்லை.
என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
எந்தத் தாளின் ஓரத்தை நகம் கிளப்பப்போகிறது என்று.
தூங்குகிறான், என்று கிசுகிசுத்தாள்.
மூன்று நாளாய் அங்கே எல்லோரும்
நான் பழக்கியபடி கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.
பிறகு நிறுத்தினாள்.
தொண்டையைச் செருமி
முழுக் குரலில்,
மீன் சந்தையில் ஆள் கூப்பிடுகிறாற்போல்,
தீமோன், என்றாள்.
தீமோன், உன் அப்பா கை கழுவாமல் வந்திருக்கிறார், பார்.

பக்கத்துக் கட்டிலில்
நாற்பது நிமிஷம் ஆட்டி ஆட்டித் தூங்கவைத்திருந்த
ஷிமான்ஸ்கி வீட்டுப் பெண்
வீரிட்டு எழுந்தாள். அடுத்த சோதனை போச்சு.
தீமோன் தூங்கினான்.

உஷ், உதடுவரை வந்தது.
கருவியை அணைத்தேன்.
நாற்காலியை இழுத்தேன், கிறீச்சிட்டது, கிறீச்சிடட்டும்.
அவள் நிறுத்தவில்லை.
நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்றாள் அவனிடம்.
கடல்பக்கச் சன்னல் சரியாகச் சாத்தாது என்றாள்.
வீட்டுப் பூனைக்கு இன்னும்
சேதி தெரியாது என்றாள்.